புதிய செய்தி ஏதேனும் உண்டா?

ஏதென்சு நகரத்தாரைப் பற்றிப் புனித லூக்கா, திருத்தூதர் பணிகள் நூலின் 17ஆம் அதிகாரத்தில், போகிற போக்கில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அந்நகரத்தவரும், அங்கு வந்து தங்கியிருந்த அன்னியரும், ஏதேனும் புதிய செய்தியைச் சொல்வதிலும் கேட்பதிலுமே தங்கள் பொழுதைப் போக்கினார்களாம். லூக்கா மருத்துவர் அல்லவா? நோயாளியை ஏசாமல், நோய்க்குறியை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். அந்நோய் என்ன செய்தது என்பதை அதே அதிகாரத்தின் இறுதியில் காண்கிறோம். அரயோப்பாகு மன்றத்தின் நடுவே நின்று புனித சின்னப்பர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். மனித குலம் கேட்டவற்றுள் இதைவிடப் புதிய செய்தி வேறில்லை. கேட்டவர்களுள் சிலர் நகைத்தார்கள். வேறு சிலரோ, இதைப் பற்றி இன்னொரு நாள் கேட்டுக்கொள்வோம் என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டார்கள். நாள்தோறும் புதுமை கேட்டுப் பழகிய செவிக்கு, உயிர்த்த ஆண்டவரும் அன்றைய செய்திகளுள் ஒன்றாகிப் போனார்.

இன்று அந்த மன்றம் நம் சட்டைப் பையில் இருக்கிறது. காலையில் கண் விழித்தவுடன் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைய வேண்டிய விரல், அதற்கு முன்பே கைப்பேசியைத் தடவி எழுப்பிவிடுகிறது. தந்தைக்குச் செய்தித் தொலைக்காட்சி. தாய்க்கு அன்பியத்தின் வாட்ஸ்அப் குழு, உறவினர் குழு, மகளின் பள்ளிக் குழு. கல்லூரியில் பயிலும் மகனுக்கு முடிவே இல்லாத காணொளிகள். மாலையில் வீட்டுப் பீடத்தின் முன் குடும்பம் கூடுகிறது. செபமாலையின் மூன்றாம் பத்துமணி நடந்துகொண்டிருக்கும்போது, மேசைமேல் வைத்த கைப்பேசி ஒருமுறை அதிர்கிறது. யாரும் எழுந்து போகவில்லை; செபமும் நிற்கவில்லை. ஆயினும் அனைவருடைய கண்களும் ஒரு கணம் அத்திசையில் திரும்பி மீள்கின்றன. அந்த ஒரு கணத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை.

செய்தி பெருகிவிட்டதே என்னும் கவலை நமக்கு மட்டும் உரியதன்று. 13ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த வின்சென்ட் என்னும் தொமினிக்கன் துறவி, போவே நகரின் பெயரால் அறியப்படுபவர், தம் காலத்தில் நூல்கள் மலிந்துவிட்டன, வாழ்நாளோ குறுகியது, நினைவாற்றலோ நழுவக்கூடியது என்று முறையிட்டார். அச்சு இயந்திரம் தோன்றுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஒவ்வொரு நூலையும் கையால் எழுதிய காலத்தில், இந்த முறையீடு! இதற்குப் பரிகாரமாக அவர் செய்தது என்ன? இயற்கை, கலைகள், வரலாறு என்று அறிய வேண்டியவற்றையெல்லாம் தொகுத்து, 'பெருங்கண்ணாடி' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு மாபெரும் நூலை எழுதினார். நூல்கள் மிகுந்துவிட்டன என்று வருந்தியவர் எழுதிய நூல், ஒருவர் தம் வாழ்நாளில் படித்து முடிப்பதற்கரிய நூலாக அமைந்துவிட்டது. துறவிகளுக்கும் இத்தகைய சோதனைகள் உண்டு போலும்.

அதே நூற்றாண்டில் அதே சபையைச் சார்ந்த வேறு சிலர் வேறு வழியை நாடினார்கள். பாரிசு நகரின் புனித யாகப்பர் மடத்துத் துறவிகள், செயின்ட் ஷேர் ஊரைச் சார்ந்த ஹியூ என்பாரின் தலைமையில், விவிலியச் சொல்லடைவு ஒன்றை உருவாக்கினார்கள். எந்தச் சொல் விவிலியத்தில் எங்கெங்கே வருகிறது என்பதைக் காட்டும் அகராதி அது. அதற்குச் சற்று முன்னர்தான், பிற்காலத்தில் கான்டர்பரி பேராயரான ஸ்டீபன் லாங்டன், இன்று நாம் கையாளும் விவிலிய அதிகாரப் பிரிவுகளை வகுத்திருந்தார். இவர்கள் படிக்க வேண்டியதைப் பெருக்கவில்லை. இருப்பதனுள் நுழைவதற்குப் படிகள் கட்டிக் கொடுத்தார்கள். அறிவைக் குவிப்பது வேறு, அறிவுக்கு வழி அமைப்பது வேறு என்பதை இவ்விரு முயற்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும்.

நம் தமிழகத் திருச்சபையின் வரலாற்றிலும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்', தமிழ் எழுத்துகளில் இந்தியாவில் அச்சான முதல் நூல். முத்துக்குளித்துறை மக்களிடையே நெடுங்காலம் உழைத்த இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார் அதை ஆக்கினார். அந்நூலின் அளவு என்ன தெரியுமா? 16 பக்கங்கள். மறையின் அடிப்படைப் போதனையை அவர் அந்தப் பதினாறு பக்கங்களுக்குள் அடக்கினார். எட்டு ஆண்டுகள் கழித்து அவரே அடியார்களின் வரலாற்றைக் கூறும் பெருநூலையும் அச்சிட்டார் என்பது உண்மைதான். ஆயினும் முதலில் வந்தது சிறு நூல். மனத்தில் இருத்தத் தக்க நூல். இன்று நம் இளைஞர் ஒருவர் தேநீர் அருந்தும் நேரத்திற்குள் அதைவிட நீளமான செய்தித் திரளைத் தம் கைப்பேசியில் தள்ளிவிட்டு எழுந்து போகிறார்.

அப்படியானால் இன்றைய நிலையில் புதியது எது? செய்தியின் அளவு மட்டுமன்று. முற்காலத்தில் நூல் அலமாரியில் காத்திருந்தது. நாம் அதைத் தேடிப் போனோம். இன்று செய்தி நம்மைத் தேடி வருகிறது. 1971இல் அச்சான ஒரு கட்டுரையில், பின்னர் 1978இல் நோபெல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் ஹெர்பெர்ட் சைமன், செய்தி எதை உட்கொண்டு வளர்கிறது என்று வினவி, அது கேட்போருடைய கவனத்தை உட்கொள்கிறது என்று விடை கண்டார். ஆகவே செய்தி பெருகப் பெருகக் கவனம் வறுமையடையும் என்பது அவருடைய முடிவு. பின்வந்த தொழில்நுட்பம் அந்தக் கவனத்தையே விற்பனைச் சரக்காக்கிவிட்டது. கட்டணமின்றி நமக்குக் கிடைக்கும் காணொளிகளும் பக்கங்களும் பெரும்பாலும் விளம்பர வருவாயால் நடப்பவை. நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு வருவாய். 2006ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட ஓர் உத்தியால், பக்கத்தின் அடி என்பதே இல்லாது போயிற்று. தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கும். நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. வானொலியில் செய்தி வாசிப்பவர் வணக்கம் கூறி விடைபெறுவார். இங்கோ விடைபெறுவார் எவருமில்லை.

கருவி புதியது, ஆனால் அது பற்றிக்கொள்ளும் மனம் பழையது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியு என்னும் துறவி, 'நண்பகல் பேய்' என்று ஒரு சோதனையை விவரிக்கிறார். அது துறவியைத் தாக்கும்போது கதிரவன் நகராமல் நிற்பதுபோல் தோன்றும்; பகல் ஐம்பது மணி நேரமாக நீளும். அவர் அடிக்கடி பலகணி வழியே எட்டிப் பார்ப்பார். உணவு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று வெளியே வந்து வெயிலை அளப்பார். யாரேனும் ஒரு சகோதரர் வரமாட்டாரா என்று இங்குமங்கும் நோக்குவார். சோம்பல் என்று இதை நாம் மொழிபெயர்ப்பது போதாது. அவர் சும்மாவும் இருக்கவில்லை, வேலையும் செய்யவில்லை. இருந்த இடத்தில் இருக்க முடியாத மனத்தின் அலைச்சல் இது. அந்தப் பலகணியை நாம் கையோடு எடுத்துச் செல்கிறோம் என்பதுதான் வேறுபாடு.

புனித அகுஸ்தினாரும் இந்த அலைச்சலை அறிந்தவர். 'ஒப்புதல்கள்' என்னும் தம் நூலின் பத்தாம் புத்தகத்தில் அவர் தம் உள்ளத்தைச் சோதித்துப் பார்க்கிறார். வழியில் போகும்போது நாய் ஒன்று முயலைத் துரத்துவது கண்ணில் பட்டால், ஆழ்ந்த சிந்தனையிலிருந்தும் மனம் விலகிவிடுகிறதாம். வீட்டில் அமர்ந்திருக்கையில் பல்லி ஈயைப் பிடிப்பதும், சிலந்தி தன் வலையில் பூச்சியைச் சுற்றுவதும்கூட அவரைக் கட்டிப்போட்டு விடுகின்றனவாம். ஆயர் ஒருவர், திருச்சபையின் மறைவல்லுநர், பல்லியைப் பார்த்துக்கொண்டு செபத்தை மறந்ததாக எழுதுகிறார்! பலவீனம் நமக்கு மட்டும் உரியதன்று என்று எண்ணி ஆறுதல் கொள்வதோடு, அவர் அதை அற்பமென்று தள்ளாமல் ஆன்ம சோதனையில் சேர்த்துக்கொண்டார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதற்கு ஒழுங்கான விளக்கம் தந்தவர் புனித தோமா அக்குவினார். அறிய விரும்புவது பாவமன்று. அது மனித இயல்பு. ஆயினும் உண்பதிலும் குடிப்பதிலும் அளவு வேண்டியிருப்பதுபோல் அறிவதிலும் அளவு வேண்டும் என்று அவர் கண்டார். ஆகவே முறையான கல்வியார்வத்தை அளவறிதல் என்னும் தலையாய புண்ணியத்தின் கீழ் வைத்தார். அதற்கு மாறான தீய பழக்கத்தை வீண் ஆவல் என்றார். கடமையை விட்டுவிட்டுப் பயன் குறைந்ததைக் கற்பது வீண் ஆவல். தகாத இடத்தில் கற்பது வீண் ஆவல். படைப்புகளை அறிந்து படைத்தவரை நோக்காமல் நின்றுவிடுவது வீண் ஆவல். தன் அறிவின் எல்லைக்கு அப்பாற்பட்டதில் தலையிட்டுப் பிழைபடுவதும் அப்படியே. பிறர் நடத்தையை அறிய விரும்புவதைப் பற்றியும் அவர் பேசுகிறார். அதனால் நாம் திருந்தவோ, பிறருக்கு உதவவோ முடியுமானால் அது நல்லது. இகழ்வதற்கும் புறங்கூறுவதற்கும் என்றால் தீயது. உணவோடு ஒப்பிட்ட இந்த உவமையை இல்லத்தரசிகள் எளிதில் புரிந்துகொள்வார்கள். பந்தியில் வைத்ததையெல்லாம் உண்பவன் வலிமை பெறுவதில்லை.

அத்திமூரில் நடந்தது

இவ்வளவும் ஆன்மாவின் உள்ளறையைப் பற்றிய செய்தி; வெளியே இதனால் யாருக்கு என்ன கேடு என்று சிலர் கேட்கலாம். 2018ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே அத்திமூர் என்னும் ஊரில் நடந்ததை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். குலதெய்வக் கோவிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்பதற்காக நின்றது. 60 வயதைக் கடந்த ஒரு மூதாட்டி, அங்கு விளையாடிய குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். குழந்தை கடத்துபவர்கள் என்று யாரோ கூவ, ஊரார் திரண்டனர். அந்த மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தனர். குழந்தையின் கையில் இனிப்புக் கொடுப்பது எந்த ஊரிலும் பாட்டிமார் செய்வதுதான். அதற்கு முந்திய வாரங்களில், வெளிமாநிலத்துக் கடத்தல் கும்பல் வந்திருக்கிறது என்னும் செய்தி வட மாவட்டங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவர் இவ்வாறே கொல்லப்பட்டார். சூலை மாதம் முதல் நாள் மகாராட்டிர மாநிலத்தின் துலே மாவட்டத்தில் ஐவர் கொல்லப்பட்டனர்.

அந்நாட்களில் இந்தியாவின் பல பகுதிகளில் பரவிய காணொளி ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கும் காட்சி அது. பார்த்தவர் நெஞ்சு பதறியது. உடனே பத்துப் பேருக்கு அனுப்பினர். உண்மையில் அது பாக்கிசுத்தானின் கராச்சி நகரில் குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்துவதற்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். தூக்கிச் சென்றவர்கள் சற்று நேரத்தில் திரும்பி வந்து, சிறுவனை இறக்கி விட்டுவிட்டு, பெற்றோரை எச்சரிக்கும் அட்டை ஒன்றைக் காட்டுவதுடன் அப்படம் முடிகிறது. அந்த முடிவை யாரோ வெட்டி எறிந்துவிட்டார்கள். சில நொடிகள் நீண்டிருந்தால் நன்மை செய்திருக்க வேண்டிய படம், அந்த நொடிகள் இல்லாமையால் நஞ்சாயிற்று.

அனுப்பியவர்களுள் பெரும்பாலோர் தீயவர் அல்லர் என்பதுதான் இதில் நம்மை உறுத்த வேண்டியது. தாய்மார்கள், தாத்தாக்கள், ஊர் நலம் நாடுவோர். பிள்ளைகள் மேல் கொண்ட பாசத்தால் அனுப்பினார்கள். அறிந்த செய்தி பத்து என்றால் ஒன்றை விசாரித்திருப்பார்கள். நூறு வந்தமையால் எதையும் விசாரிக்கவில்லை. செய்தியின் மிகுதி நம் நேரத்தை மட்டும் விழுங்குவதில்லை. ஆராயும் கடமையையும் விழுங்கிவிடுகிறது. 2023 மார்ச்சில், தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, அத்தொழிலாளர்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் அச்சத்தில் ஆழ்த்தியதும், பீகார் அரசு அதிகாரிகளின் குழு நேரில் வந்து பார்த்துச் சென்றதும் இவ்வகையே. கட்டிடப் பணியிலும் பின்னலாடைத் தொழிலிலும் நம்மிடையே உழைக்கும் அந்த ஏழைகள் நம் அயலார் அல்லரோ?

பத்துக் கட்டளைகளுள் எட்டாவது, அயலானுக்கு எதிரான பொய்ச் சாட்சியைத் தடுக்கிறது. பொய் என்று தெரிந்து சொன்னால்தான் அது மீறப்படும் என்று பலர் எண்ணுகிறார்கள். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. போதிய ஆதாரமின்றி அயலானிடம் குற்றம் உண்டென்று உள்ளத்தில் ஏற்றுக்கொள்வதே அவசரத் தீர்ப்பு என்னும் பாவம். உண்மையான குறையையே தக்க காரணமின்றிப் பிறருக்கு வெளிப்படுத்துவது புறங்கூறல். உண்மைக்கு மாறானதைச் சொல்வது அவதூறு. கைப்பேசியில் ஒரு விரல் தொடுதலால் இம்மூன்றையும் ஒரே நொடியில் செய்துவிட இயலும். ஒப்புரவு அருட்சாதனத்திற்கு ஆயத்தம் செய்யும்போது, நாவினால் செய்த பாவங்களைத் தேடுகிறோம். விரலினால் செய்தவற்றைத் தேடுவதில்லை.

நம் பங்குக் குழுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னாட்களில் அஞ்சல் அட்டையில் ஒரு செபம் வரும்; இதைப் பலருக்கு எழுதி அனுப்பினால் நன்மை, அனுப்பத் தவறினால் கேடு என்று அடியில் எழுதியிருக்கும். அட்டை வாங்கக் காசும், எழுத நேரமும் வேண்டியிருந்தமையால் அந்த மூட நம்பிக்கைக்கு ஒரு வரம்பிருந்தது. இன்று அதே மிரட்டல், புனிதர்களின் வண்ணப் படத்துடன், செலவின்றி வருகிறது. கடவுளின் அருளைப் பகிரும் எண்ணிக்கையோடு கட்டிவைப்பது முதல் கட்டளைக்கே முரணானது. திருத்தந்தை கூறியதாக வரும் அழகிய வாசகங்களுள் பல அவர் கூறாதவை. எங்கோ சுரூபம் கண்ணீர் வடித்தது என்னும் செய்தி, அந்த மறைமாவட்ட ஆயர் வாய் திறக்குமுன் உலகைச் சுற்றி வந்துவிடுகிறது. பக்தியின் உடையில் வருவதனாலேயே இவற்றை நாம் சோதிப்பதில்லை.

ஆண்டவர் செய்தியைக் கேட்ட விதம்

இயேசுவிடமும் சிலர் சுடச்சுடச் செய்தி கொண்டுவந்தார்கள். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. கலிலேயர் சிலர் பலி செலுத்திக்கொண்டிருந்தபோது பிலாத்து அவர்களைக் கொன்றான். அரசியலும் சமயமும் இரத்தமும் கலந்த செய்தி. கொண்டுவந்தவர்கள் என்ன எதிர்பார்த்தார்களோ! பிலாத்துவைச் சபிப்பார் என்றா, மாண்டவர்களின் பாவத்தை ஆராய்வார் என்றா? இரண்டையும் அவர் செய்யவில்லை. அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று எண்ணுகிறீர்களா என்று திருப்பிக் கேட்டார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த மற்றொரு செய்தியைத் தாமே எடுத்துக்காட்டினார். ஆண்டவருக்கு நாட்டு நடப்புத் தெரிந்திருந்தது என்பது இதனால் விளங்குகிறது. அவர் காதைப் பொத்திக்கொண்டு வாழவில்லை. ஆனால் அச்செய்தியைப் பேச்சுப் பொருளாக்காமல், கொண்டுவந்தவர்களின் மனமாற்றத்திற்குரிய அழைப்பாக்கினார். உடனே, கனி தராத அத்திமரத்திற்கு இன்னும் ஓராண்டு தவணை கேட்கும் தோட்டக்காரனின் உவமையைச் சொன்னார். செய்தி கேட்டவர்கள் தங்கள் வீட்டு மரத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இன்னொரு காட்சி. கப்பர்நாகூமில் மாலை முழுவதும் நோயாளிகளைக் குணமாக்கிய ஆண்டவர், விடியுமுன் எழுந்து தனிமையான இடத்திற்குச் சென்று செபிக்கிறார். சீமோனும் உடனிருந்தோரும் அவரைத் தேடிப் பிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். அவசர அழைப்பு! தேடியவர்கள் பொய்யர் அல்லர்; உண்மையாகவே நோயுற்றவர்கள். ஆயினும் அவர் அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்று புறப்படுகிறார். தம்மை அழைக்கும் எல்லாக் குரலுக்கும் அவர் உடனே மறுமொழி கூறவில்லை. தந்தையோடு பேசிய பிறகு, தாம் எதற்காக வந்தாரோ அதைத் தேர்ந்துகொண்டார். ஒவ்வொரு மணியோசைக்கும் ஓடுவதே அன்பு என்று எண்ணிக் களைத்துப்போகும் நல்லவர்கள் இப்பகுதியை அடிக்கடி வாசிப்பது நலம்.

ஆகையால் கைப்பேசியைக் கிணற்றில் எறிந்துவிடுங்கள் என்று சொல்லும் உபதேசத்தை நாம் ஏற்பதற்கில்லை. அறியாமை கிறித்தவப் புண்ணியம் அன்று. எழுத்தாளர்களுக்குப் பாதுகாவலராக 1923இல் பதினோராம் பயசு திருத்தந்தை அறிவித்த புனித சலேசு பிரான்சிசு, தம் மறையுரையைக் கேட்க அஞ்சிய மக்களுக்குத் துண்டுத் தாள்களில் எழுதி வழங்கியவர். 2022ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாளை நாம் மறக்க மாட்டோம். நட்டாலத்து மறைசாட்சி தேவசகாயம் அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அதே திருப்பலியில் அவரோடு பீட மாட்சி பெற்ற ஒருவர் தித்துசு பிரான்சுமா, நெதர்லாந்து நாட்டுக் கார்மெல் சபைக் குரு, பத்திரிகையாளர். 1942 சனவரியில், நாசிகளின் பிரசாரத்தைக் கத்தோலிக்க இதழ்கள் வெளியிடக் கூடாது என்னும் ஆயர்களின் முடிவை அவர் ஆசிரியர்களிடம் நேரில் எடுத்துச் சென்றார். அம்மாதமே கைது செய்யப்பட்டார். சூலை 26ஆம் நாள் டாக்கௌ முகாமில் கொல்லப்பட்டார். ஒரு செய்தியை அச்சிட மறுப்பதற்காக உயிர் கொடுத்த மனிதர். நமக்கோ ஒன்றை அனுப்பாமல் விடுவது பெரும்பாடாக இருக்கிறது.

வீட்டில் செய்யக் கூடியது என்ன? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றிய ஏடு, எழுதுவோருக்கும் ஒலிபரப்புவோருக்கும் மட்டுமன்றி, வாசிப்போருக்கும் கேட்போருக்கும் கடமை உண்டென்று கூறிற்று. தேர்ந்தெடுப்பது அவர்களுடைய கடமை. இளைஞர்கள் அளவையும் தன்னடக்கத்தையும் பழக வேண்டும் என்றது. 1963க்குப் பிறகு சாதனங்கள் மாறிவிட்டன, கடமை மாறவில்லை. 2025 செப்டம்பர் 7ஆம் நாள் புனிதராக்கப்பட்ட கார்லோ அகுத்திசு, கணினியில் வல்லவர். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வைத்தவர். 2006இல் தம் 15ஆம் வயதில் மறைந்தார். விளையாட்டுக் கருவிக்கு வாரத்தில் ஒரு மணி நேரமே என்று அவர் தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டதை அவர் வரலாறு கூறுகிறது. பெற்றோர் விதித்த எல்லையன்று, தாமே விதித்துக்கொண்டது. மகனிடமிருந்து கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டுத் தாம் நள்ளிரவு வரை தொலைக்காட்சி விவாதம் பார்க்கும் தந்தைக்கு இதில் பாடம் உண்டு.

குடும்பச் செபத்தின் போதும் இரவு உணவின் போதும் எல்லாக் கைப்பேசிகளையும் வேறொரு அறையில் வைப்பது எளிய வழக்கம். பெரியவர்களின் கருவிதான் முதலில் போக வேண்டும். அவசரக் கவலை உள்ள வீட்டில், வளைகுடா நாட்டிலோ வேறெங்கோ வேலை பார்க்கும் மகன் அழைப்பான் என்றிருந்தால், அழைப்பு மணியை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஒலிகளை நிறுத்திவைக்கலாம். அதற்குக் கருவியிலேயே வழியுண்டு. செய்திகளுக்கு நாளில் ஒருமுறையோ இருமுறையோ நேரம் குறிக்கலாம். காலை முதல் நற்செய்தி வாசகம், பிறகு உலகச் செய்தி என்னும் வரிசையை மாற்றாதிருந்தால் அதுவே பெரிது. புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளின் முன்னுரைக் குறிப்பிலேயே, மிகுதியாக அறிவதனால் ஆன்மா நிறைவதில்லை, உள்ளே உணர்ந்து சுவைப்பதால்தான் நிறைகிறது என்று எச்சரித்தார். இரவில் ஆன்ம சோதனையின் போது, இன்று எதையெல்லாம் பார்த்தேன் என்று நினைவுகூர முயன்று பாருங்கள். இரண்டு மணி நேரம் பார்த்தவற்றுள் இரண்டுகூட நினைவில் தங்காது.

அனுப்புவதற்கு முன் சில அடையாளங்களை அறிந்திருப்பது நல்லது. 2018இன் கொலைகளுக்குப் பிறகு வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரல் முதல், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்ப இயலும். அத்தகைய செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். அக்குறியைக் கண்டால், அனுப்பியவர் உங்கள் உடன்பிறந்தவரேயானாலும், அவர் இதை எழுதவில்லை, அவருக்கு அனுப்பியவரும் எழுதவில்லை என்று அறியுங்கள். அரசு பற்றிய செய்தியானால், மைய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2019 முதல் பொய்ச் செய்திகளைச் சோதித்து வெளியிட்டு வருகிறது. திருச்சபை பற்றியதானால் பங்குத்தந்தையைக் கேட்கலாம். அவரும் அறியாவிட்டால் ஆயர் இல்லம் இருக்கிறது. ஒருநாள் தாமதத்தால் கெட்டுப்போகும் நற்செய்தி எதுவுமில்லை.

முதியோரைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நீதியன்று. பிள்ளைகள் வெளியூர் சென்றபின் தனித்திருக்கும் தாய் ஒருத்தி காலையில் இருபது பேருக்கு மாதா படம் அனுப்புகிறாள் என்றால், அவள் செய்தி பரப்பவில்லை. நான் உயிரோடிருக்கிறேன் என்று சொல்கிறாள். கோவிலுக்கு நடக்க இயலாதவர்களுக்குக் கைப்பேசியில் காணும் திருப்பலி பேராறுதல். அவர்களிடம் போய் அளவறிதலைப் பற்றிப் பேசுவது கல்நெஞ்சம். அவர்களுடைய செய்திக்கு ஒரு குரல் அழைப்பால் மறுமொழி தருவதும், மாதத்தில் ஒருமுறையேனும் வீட்டுப் படியேறிச் செல்வதும் பிள்ளைகளின் கடமை. அவர்களுக்கு வரும் மிரட்டல் செபங்களையும் மருத்துவப் புரட்டுகளையும், பக்கத்தில் அமர்ந்து பொறுமையாக விளக்கி அழித்துத் தருவது பேரப்பிள்ளைகள் செய்யக் கூடிய தருமம்.

சமூகத் தொடர்பு நாள் 1967இல் ஆறாம் சின்னப்பர் திருத்தந்தையின் காலத்தில் தொடங்கியது. தூய ஆவியார் பெருவிழாவுக்கு முந்திய ஞாயிறன்று கொண்டாடப்படுகிறது. அதற்கான திருத்தந்தையின் செய்தி, சலேசு பிரான்சிசின் திருநாளாகிய சனவரி 24ஆம் நாளிலேயே வெளிவந்துவிடுகிறது. 2012ஆம் ஆண்டுச் செய்தியில் பதினாறாம் பெனடிக்ட் திருத்தந்தை மௌனத்தையும் சொல்லையும் இணைத்துப் பேசினார். நம் பங்குகளில் அந்த ஞாயிறு ஓர் உண்டியலோடு முடிந்துவிடுகிறது. இவ்வாண்டு திருப்பலிக்குப் பின், அன்பியங்கள், மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, இளைஞர் இயக்கம் ஆகியவற்றின் வாட்ஸ்அப் குழுக்களை நடத்துவோரைப் பங்குப் பேரவை ஓரிடத்தில் அமர்த்தலாம். எக்குழுவில் எவை வரலாம், எவை வரக் கூடாது, இரவு எத்தனை மணிக்குப் பிறகு யாரும் எதுவும் அனுப்புவதில்லை, தவறான செய்தி வந்துவிட்டால் அதைத் திருத்தி அறிவிப்பவர் யார் என்று நான்கு முடிவுகள் எடுக்க ஒரு மணி நேரம் போதும். எடுத்த முடிவை அடுத்த ஞாயிறு கோவில் அறிவிப்புப் பலகையில் தாளில் எழுதி ஒட்டிவிடலாம்.